மனுவில் விட்டுப்போன ஒரு வரி

போன வாரம் பேரன் தன் ரெஸ்யூமேயை நீட்டி, "தாத்தா, தப்பு இருந்தா திருத்திக் கொடுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு ரெஸ்யூமே என்றால் பாடத்தைப் பத்து வரியில் சுருக்கி எழுதும் பயிற்சி. வேலைக்குக் கொடுக்கும் தாளைப் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரில் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'கரிக்குலம் விட்டே', லத்தீன்!

நான் குமாஸ்தாவாக நெய்வேலிக்கு வந்தபோது இந்த இரண்டு சொல்லும் இங்கே கிடையாது. மனுதான். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்ட பிறகு, சுற்றுவட்டார ஊர்களெல்லாம் வேலைக்காக இந்தப் பக்கம்தான் பார்த்தன. 1959-ல் வந்த சட்டப்படி காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே பதிவு மூப்புதான் பேசும். ஆள் என்ன செய்யத் தெரிந்தவன் என்பதற்கு அட்டையில் இடம் குறைவு. பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது.

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று (என் இங்கிலீஷ் எனக்கல்லவா தெரியும்!) மாலையில் என்னிடம் மனு எழுத வருவார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒருவர் வந்தார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, எட்டாவது பாஸ், 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று வழக்கம்போல் முடித்துக் கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. பிறகு டீக்கடையில் பார்த்தபோது சொன்னார்: "நாலு வருஷம் காண்ட்ராக்டர்கிட்ட பம்பு ரிப்பேர் பார்த்தேன் சார். உள்ளே கேட்டாங்க, சொன்னேன். மனுவுல இல்லையேன்னுட்டாங்க."

நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் அழுத்தத்தை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தால்தான் சுரங்கமே நிற்கும். அந்த ஊரில், பம்பு தெரிந்தவருடைய மனுவில் பம்பு என்ற சொல்லே இல்லை. அவர் சொல்லவில்லை, சரி. நான் கேட்கவில்லையே.

1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி மிலான் நகர அதிபதிக்கு எழுதிய வேலைக் கடிதம் பற்றிப் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். அதிபதிக்கு அப்போது யுத்தக் கவலை. அதனால் சுமந்து செல்லும் பாலம், பீரங்கி, கோட்டை உடைக்கும் வழி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்று கடைசியில்தான் வருகிறார். தெரிந்துவைத்திருந்தும் எனக்கு அது உதவவில்லை.

பேரன் தாளில் முதல் வரி 'கடின உழைப்பாளி'. அடித்துவிட்டேன்.

"காலேஜ்ல கடைசி வருஷம் என்னடா செஞ்சே?"

"மோட்டார் சூடேறினா தானா நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சோம். அது வெறும் ப்ராஜெக்ட் தாத்தா."

பேனாவை எடுத்து வரச் சொன்னேன்.