பெரியபாளையத்து துபாஷ்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நீங்கள் ஒரு சின்ன கம்பெனி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மெஷினைக் கவனிப்பீர்களா, வெளிநாட்டு கஸ்டமரின் ஈ-மெயிலுக்குப் பதில் போடுவீர்களா, ஜி.எஸ்.டி.க்காக பில்களைத் தேடிக்கொண்டிருப்பீர்களா? இந்தத் தலைவலிகளையெல்லாம் 'வேலைக்கு இவ்வளவு' என்று பேசி வாங்கிக்கொள்ள இப்போது ஆட்கள் உண்டு. திருவள்ளூரில் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தலைவியாகக்கூட இருக்கலாம். ஸ்டைலாக, 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்'!

பெயர்தான் புதுசு. தொழில் ரொம்பப் பழசு. இதே மாவட்டத்துக்காரர் ஒருத்தர் இருநூற்று நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன்பே அதில் கொடிகட்டிப் பறந்திருக்கிறார்.

அப்போது அதற்கு 'துபாஷ்' என்று பெயர். இரண்டு பாஷை தெரிந்தவர் - துவிபாஷி - என்பதுதான் தேய்ந்து துபாஷ் ஆனது.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' உத்தியோகம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு பொடியன் வருகிறான். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. மசூலா படகில் அலையோடு அலையாகத் தூக்கிப் போட, நனைந்த கோழி மாதிரி கரையேறுகிறான். பாஷை தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரைட்டருக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 5 பவுண்டு!

கரையில் துபாஷ் ரெடி. வீடு பார்த்துக் கொடுப்பார். சமையல்காரன், பல்லக்கு தூக்குகிறவர்கள் எல்லோரையும் பிடித்துத் தருவார். கைச்செலவுக்குக் கடன் கொடுப்பார். துரை சொந்த வியாபாரம் ஆரம்பித்தால் அதற்கு முதல் போடுவதும், சரக்குக்கு விலை பேசுவதும், கடிதம் எழுதுவதும், கணக்கு வைப்பதும் அவரே. கமிஷன் ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். ஆக, துபாஷ் சம்பளக்காரர் இல்லை. சொந்த முதலோடு தொழில் செய்கிற ஆள்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் பச்சையப்ப முதலியார். 1754-ல் பெரியபாளையத்தில் பிறந்தவர். ஆமாம், பவானி அம்மன் கோயில் இருக்கும் அதே பெரியபாளையம்! பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டார். ஆதரவு தேடி அம்மா பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார். அங்கே பௌனி நாராயணப் பிள்ளை என்ற துபாஷ் அந்தக் குடும்பத்துக்குக் கை கொடுத்தார். பையனுக்கு இங்கிலீஷும் கணக்கும் வந்தது அவர் நிழலில்தான். அந்த இரண்டுதான் அவனுடைய மூலதனம். வெள்ளைக்காரர்களுக்குச் சரக்கு வாங்கித் தருவதில் ஆரம்பித்து, தஞ்சாவூர் ராஜ்ஜியத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

எல்லா துபாஷும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் அவதானம் பாப்பையா என்று இன்னொருத்தர். சென்னையில் தற்காலிக கவர்னர்களாக இருந்த ஹாலண்ட் சகோதரர்களின் துபாஷ். துரைக்கு வருகிற தபால், துரையின் ரகசியம் எல்லாம் இவர் கையில். விளைவு? ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கச் சதி செய்தார் என்று வழக்கு. 1792-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்தத் தொழிலின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. முதலாளியின் பெட்டிச் சாவி உதவியாளரிடம். அன்றைக்குக் கடிதக் கட்டு, இன்றைக்கு பாஸ்வேர்ட். அந்தச் சாவியைத் தப்பாகத் திருப்பினால் பிறகு எத்தனை பாஷை தெரிந்து என்ன பிரயோஜனம்?

பச்சையப்பர் 1794 மார்ச்சில், நாற்பது வயதில் திருவையாற்றில் காலமானார். சாவதற்குச் சில நாட்கள் முன்பு உயில் எழுதி, சொத்தைத் தர்மத்துக்கு வைத்திருந்தார். ஆனால் எழுதிவைத்தால் போதுமா? பணம் சொன்ன வழியில் போகவில்லை. வழக்கு, இழுபறி என்று வருஷங்கள் ஓடின. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நிற்க, கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிச்சப் பணத்தில் 1842-ல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் 1889-ல் கல்லூரியானது. கணிதமேதை ராமானுஜன் அங்கே படித்தார். அறிஞர் அண்ணா படித்தார்.

ஒன்று கவனித்தீர்களா? அந்த உயில் அரை நூற்றாண்டு கழித்தாவது பலித்ததற்குக் காரணம், அது எழுத்தில் இருந்ததுதான். வீட்டிலிருந்தே இந்தத் தொழிலுக்கு இறங்குகிறவர்கள் இதை முடிந்து வைத்துக்கொள்ளலாம். 'நம்ம ஆள்தானே' என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி, என்றைக்குப் பணம் - எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பாப்பையாவையும் சென்னை மறக்கவில்லை. சூளையில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஆனால், இவர் யார் என்று அந்தச் சாலையில் போகிற எத்தனை பேரால் சொல்ல முடியும்?