சேவையகக் கணினிகளில் நிலைபொருட் பிழைகளும் அவற்றின் திருத்தமும் – ஒரு வரலாற்று நோக்கு

அச்சேறிய நூலொன்றின் முகப்பிலோ இறுதியிலோ ‘பிழை திருத்தம்’ என்னும் தலைப்பில் சிறு பட்டியலொன்று இணைக்கப்பட்டிருத்தலை நாம் பலகாலும் கண்டுள்ளோம். நூல் அச்சாகிக் கட்டப்பெற்ற பின்னரே பிழை புலனாகின்றது. பதிந்த எழுத்தை மாற்றவியலாது. எனவே, பிழையை ஒப்புக்கொண்டு, வாசகர் தம் கையாலேயே திருத்திக்கொள்ளுமாறு வேண்டுவதன்றி ஆசிரியனுக்கு வேறு வழியில்லை. கணினிகளின் செயலிகளை ஆக்குவோரும் இத்தகைய பிழைப்பட்டியல்களை நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றனர். ஆயினும் நூலுக்கும் கணினிக்குமிடையே ஒரு வேறுபாடுண்டு. விற்பனையாகி, ஆயிரங் காதத்துக்கு அப்பால் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் உள்ளெழுத்தை ஆக்கியோன் இன்று மாற்றியமைக்க முடியும். இவ்வாற்றல் எவ்வாறு தோன்றியது, அது எத்தகைய பொறுப்புகளை உடன்கொணர்ந்தது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். பலருக்கு ஒரே வேளையில் தரவுகளை வழங்கி ஏற்கும் கணினி சேவையகம் எனப்படும். இத்தகையன நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடுக்கப்பெற்று, இடையறா மின்சாரமும் குளிரூட்டலும் அளிக்கப்பெறும் கட்டடமே தரவு மையம். கணினியின் பருப்பொருட் பாகங்கள் வன்பொருள் எனவும், பயன்படுத்துவோர் மாற்றத்தக்க செய்நிரல்கள் மென்பொருள் எனவும் வழங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், செயலி, சேமிப்பகம், வலையமைப்பு அட்டை ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் உறைந்து அதனை இயக்கும் அறிவுறுத்தல் தொகுதியே நிலைபொருளாகும். பயனாளர் அதனைக் காண்பதில்லை. எனினும் அவர் காண்பன யாவும் அதன்மீதே நிற்கின்றன.

தோற்றம்

பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் ஆக்கப்பெற்ற எட்சாக் என்னும் கணினி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு நாள் மாடிப்படியில் நடந்துகொண்டிருக்கையில், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதிய செய்நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்னும் உண்மை தமக்கு உறைத்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவரே 1951இல் மன்செஸ்ரர் மாநாடொன்றில் நுண்செய்நிரலாக்கம் என்னும் கருத்தை முன்வைத்தார். கணினியின் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சிக்கலான கம்பிப் பிணைப்புகளால் அமைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு அறிவுறுத்தலையும் நுண்ணிய படிகளாகப் பகுத்து, அப்படிகளையே ஒரு நினைவகத்தில் எழுதிவைக்கலாம் என்பதே அதன் சாரம். 1958இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் 2 இக்கருத்தின் செயல்வடிவமாகும்.

வில்க்ஸ் நாடியது ஒழுங்கான அமைப்பை. பிழைதிருத்தம் அவரது முதன்மை நோக்கமன்று. ஆயினும், கம்பியாக இருந்தது எழுத்தாக மாறியவுடன், எழுத்துக்கே உரிய இயல்பாகிய திருத்தத்தக்க தன்மையும் அதனை வந்தடைந்தது. 1964 ஏப்ரல் 7ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், விலையாலும் வேகத்தாலும் வேறுபட்ட பல மாதிரிகள் ஒரே அறிவுறுத்தல் தொகுதியை ஏற்கச் செய்தது பெரும்பாலும் நுண்செய்நிரலே. அவ்வரிசையின் 30ஆம் மாதிரியில் நுண்செய்நிரல் துளையிட்ட அட்டைகளின் வடிவிலமைந்திருந்தமையால், பராமரிப்புப் பொறியியலாளர் பழைய அட்டையை அகற்றிப் புதியதைச் செருகிப் பிழைதிருத்த முடிந்தது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட இதனைச் சுட்டுவதற்கு 1967இல் ஆஷர் ஒப்லர் என்பார் ஆக்கிய ஆங்கிலச் சொல்லே தமிழில் நிலைபொருள் என வழங்குகின்றது.

சிஸ்டம்/370 காலத்தில், திருத்தங்களைக் கணினிகள் நிறுவப்பட்ட இடங்களுக்கு அனுப்புதற்கு எளிய ஊடகமொன்று வேண்டப்பட்டது. இத்தேவையின் விளைவாகவே 1971இல் 8 அங்குல நெகிழ்வட்டு பயன்பாட்டுக்கு வந்தது. மாணவர் பலர் தம் கட்டுரைகளைச் சேமித்துக் காவித் திரிந்த நெகிழ்வட்டின் மூதாதை, நிலைபொருளை ஏற்றுதற்கென்று பிறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதே 1971இல் இன்ரெல் நிறுவனத்தில் டொவ் புறோமன் ஆக்கிய நினைவகச் சில்லு, புறவூதாக் கதிரால் அழித்து மீள எழுதத்தக்கதாயிருந்தது. ஆனால் அழிப்பதற்குச் சில்லைக் கழற்றிக் கதிரின்முன் வைத்தல் வேண்டும். மின்னாலேயே பெருந்தொகுதியாக அழித்தெழுதத்தக்க ‘பிளாஷ்’ நினைவகத்தைத் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா 1984இல் அறிமுகஞ் செய்த பின்னரே, பாகத்தைக் கழற்றாது நிலைபொருளைப் புதுப்பித்தல் பொதுவழக்காவதற்கு வழி பிறந்தது.

திருத்தவியலாத பிழை

எழுத்தாக அமையாத பிழை எத்துணை இடர்தரும் என்பதை 1994ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலுள்ள லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகாவெண்களின் தலைகீழிகளைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவ்வாண்டு யூன் மாதத்தில் தம் கணிப்புகளில் முரண்பாடு கண்ட அவர், தம் செய்நிரலையும் ஏனைய பாகங்களையும் ஒவ்வொன்றாக ஐயுற்று நீக்கி, இறுதியிற் பிழை பென்ரியம் செயலியிலேயே உள்ளதெனத் துணிந்தார். 4,195,835 என்னும் எண்ணை 3,145,727ஆல் வகுத்தால் 1.33382 என வரவேண்டும், அச்செயலியோ 1.33374 எனத் தந்தது. வகுத்தலுக்குப் பயன்பட்ட அட்டவணையில் 1,066 பெறுமானங்கள் இடம்பெற வேண்டியிருக்க, ஐந்து மாத்திரம் விடுபட்டமையே காரணம்.

ஐந்து பெறுமானங்களை எழுதிச் சேர்த்தல் ஒரு மணித்துளி வேலை. ஆயின் அவ்வட்டவணை சிலிக்கனிற் செதுக்கப்பட்டிருந்தது. விற்பனையான செயலியில் அதனை மாற்ற வழியேயில்லை. இதனினும் கவலைக்குரியது பிறிதொன்று. நைஸ்லி ஒக்டோபர் இறுதியிற் பிழையைப் பிறருக்குத் தெரிவிப்பதற்கு முன்னரே இன்ரெல் அதனை அறிந்திருந்தது; அறிந்தும் வெளியிடவில்லை. சாதாரண பயனாளர் ஒருவர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழையை எதிர்கொள்வார் என அந்நிறுவனம் முதலில் வாதிட்டது. ஐ.பி.எம். இக்கணிப்பை மறுத்து, அச்செயலி பூண்ட தன் கணினிகளின் விநியோகத்தை நிறுத்தியது. ஈற்றில் டிசம்பர் 20ஆந் திகதி, வேண்டுவோர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தருவதாக இன்ரெல் உறுதியளித்தது. இதன்பொருட்டு அது ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டொலராகும். இத்தொகையைப் பிழையின் விலை என்பர். மறைத்தலின் விலையும் அதனுள் அடங்கியிருந்தது எனல் பொருந்தும்.

அடுத்த ஆண்டாகிய 1995இன் நவம்பரில் வெளிவந்த பென்ரியம் புறோ செயலியில், நுண்செய்நிரலைப் புதுப்பிக்கும் வசதி அமைந்திருந்தது. கணினிக்கு உயிரூட்டும் ஒவ்வொரு வேளையும் திருத்தவெழுத்துச் செயலியினுள் ஏற்றப்படும். மின்சாரம் நின்றால் அது மறையும். மீண்டும் தொடங்குகையில் மீண்டும் ஏற்றப்படும். அதாவது, பிழை பிறவிக்குணமாய் உள்ளே இருந்துகொண்டேயிருக்க, திருத்தம் நாடோறும் உட்கொள்ளும் மருந்துபோல் அதனை அடக்கிவைக்கின்றது.

திருத்தமே இடராதல்

எழுதத்தக்கது எதுவும் கெடுக்கவும் தக்கதாகும். 1998இல் தாய்வானில் தோன்றிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26ஆந் திகதி பெருவாரியாகச் செயற்பட்டபோது, வட்டுகளின் தரவுகளை அழித்ததோடு, பல கணினிகளின் அடிப்படை நிலைபொருளின் மீதும் வெற்றெழுத்தை எழுதிற்று. அத்தகைய கணினி தொடங்கவே மறுத்தது. திருத்தக்காரனுக்கெனத் திறந்த வாயில் திருடனுக்கும் பயன்பட்டதனால், ஆக்கியோனின் இலக்கமுறைக் கையொப்பம் பெற்ற திருத்தத்தையே பாகம் ஏற்க வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டி இந்நெறியை வலியுறுத்தியது.

கையொப்பம் போலியைத் தடுக்கும். ஆக்கியோனின் அவசரத்தைத் தடுக்காது. 2018 சனவரி 3ஆந் திகதி, மெல்ற்டவுன், ஸ்பெக்ரர் எனப் பெயரிடப்பட்ட குறைபாடுகள் பகிரங்கமாயின. விரைவின்பொருட்டுச் செயலி அடுத்த படிகளை ஊகித்து முன்கூட்டியே செய்து வைப்பதால், பிறர் காணக்கூடாத தரவின் சுவடுகள் கசியக்கூடும் என்பதே குற்றம். ஒரே சேவையகத்தைப் பல நிறுவனங்கள் பகிரும் தரவு மையங்களுக்கு இது பேரச்சம் விளைத்தது. ஸ்பெக்ரரின் ஒரு வகைக்குத் திருத்தமாக நுண்செய்நிரல்கள் விரைந்து அனுப்பப்பட்டன. அவற்றை ஏற்ற கணினிகள் பல எதிர்பாராது தாமே நின்று மீளத் தொடங்கின. சனவரி 22ஆந் திகதி, அத்திருத்தங்களை ஏற்றுதலை நிறுத்துமாறு இன்ரெல்லே வேண்டியது. நோய்க்கஞ்சி மருந்துண்டோர் இப்போது மருந்துக்கஞ்சி நோயைப் பொறுக்க வேண்டியவராயினர்.

இவ்வனுபவங்களால், திருத்தத்தை முதலிற் சில சேவையகங்களில் ஏற்றி நோக்கி, பின்னர் படிப்படியாக ஏனையவற்றுக்கு விரித்தல் நற்பழக்கமெனக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் தாமதித்தலும் எப்பொழுதும் காப்பாகாது என்பதை அடுத்து வரும் நிகழ்ச்சி காட்டும்.

நாள் குறித்த பிழை

2019 நவம்பரில் ஹியூலெற் பக்கார்ட் என்ரர்பிறைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு அவசர அறிவித்தலொன்றை விடுத்தது. சேவையகங்களிற் பொருத்தப்பட்ட குறித்த சில திண்மநிலைச் சேமிப்பகங்கள், மொத்தம் 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்பதே செய்தி. அஃதாவது 3 ஆண்டுகள், 270 நாள்கள், 8 மணிநேரம். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. 16 துணுக்குகளில் நேரெண்ணையும் மறையெண்ணையும் எழுதும் முறையில் அடங்கத்தக்க பேரெண் 32,767 என்பதை அறிந்தோர்க்குக் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. அக்கணம் கடந்தபின் சேமிப்பகமும் மீளாது, அதிலுள்ள தரவும் மீளாது.

இதன் கொடுமையை உணர்வதற்குத் தரவு மையத்தின் காப்புமுறையை அறிதல் வேண்டும். ஒரு வட்டு பழுதாயினும் தரவு அழியாதிருக்குமாறு, அதனைப் பல வட்டுகளிற் பகிர்ந்தும் இரட்டித்தும் வைப்பது வழக்கம். வட்டுகள் வெவ்வேறு காலத்திலேயே பழுதாகும் என்னும் எடுகோளே இம்முறையின் அடித்தளம். ஆனால் ஒரே நாளிற் பொருத்தி, ஒரே நாளில் உயிரூட்டிய வட்டுகள் யாவும் ஒரே மணியில் 32,768ஐ எட்டும். இறப்பின் வேளை எல்லாவற்றிலும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தால், இரட்டித்தலால் ஆவதென்ன? 2020 மார்ச்சில் வேறு சில சேமிப்பகங்களுக்கு 40,000 மணிநேர எல்லையுடைய இத்தகைய பிழையொன்று அறிவிக்கப்பட்டது. இரு வேளையும் திருத்தம் சிறிய நிலைபொருட் கோப்பொன்றே. குறித்த மணிக்கு முன் ஏற்றியோர் யாதும் இழந்திலர். பிந்தியோர்க்கு அதே கோப்பால் யாதொரு பயனுமில்லை.

திருத்தம் வாராத பிழைகளும் உள. ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரண்டாந் தலைமுறை எபிக் செயலிகளில், இறுதியாக மீளத்தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 1,044 நாள்கள் கழிந்தபின், செயலியின் ஒரு கரு ஆழ்ந்த ஓய்வு நிலையிலிருந்து எழாது போகலாம் என்பதை அந்நிறுவனத்தின் பிழைப்பட்டியல் 2023இல் தெரிவித்தது. அதனைத் திருத்தும் எண்ணம் இல்லை எனவும் அப்பட்டியல் கூறியது. அந்நாளுக்குமுன் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குக, அன்றேல் அவ்வோய்வு நிலையை முடக்குக என்பதே அறிவுரை. நிறுத்தமின்றி ஆண்டுக்கணக்கில் ஓடுதலைப் பெருமையெனக் கொண்ட சேவையகப் பொறுப்பாளர்க்கு இது நல்லதொரு பாடமாகும். எனினும் இங்கே மறைப்பெதுவும் இல்லை. பழைய நூலாசிரியனைப்போல் ஆக்கியோன் பிழையைச் சொல்லி, பயனாளரே திருத்திக்கொள்ளுமாறு விட்டுவிட்டான்.

முடிவுரை

பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் ஆக்குவோரை அசட்டையராக்கிவிட்டது என்று வாதிப்போர் உளர். இதில் உண்மை சிறிதுண்டு. ஆயின் நூறு கோடிக்கணக்கான நுண்ணுறுப்புகளைக் கொண்ட செயலியை எல்லா நிலையிலும் சோதித்து முடித்தல் மனிதரால் இயலாது. ஆகவே, பிழையற்ற கணினியை எதிர்பார்த்தலைவிட, பிழை அறியப்பட்டவிடத்து யார், எப்பொழுது, யாருக்குச் சொன்னார் எனக் கேட்பதே தக்கது.

மேலே கண்ட நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின் இது விளங்கும். 1994இல் திருத்தவியலாத பிழை மறைக்கப்பட்டது, நம்பிக்கை குலைந்தது. 2019இல் மீட்கவியலா அழிவை விளைக்கத்தக்க பிழை உரிய காலத்தில் அறிவிக்கப்பட்டது. கேட்டு நடந்தோர் தப்பினர். திருத்தும் கருவி அட்டையிலிருந்து நெகிழ்வட்டுக்கும், அதிலிருந்து வலையமைப்புக்கும் வளர்ந்துள்ளது. ஒப்புக்கொள்ளும் மனம் எந்தக் கருவியாலும் வளர்வதன்று. அறிவித்தல் ஆக்கியோனின் கடன். அதனை வாசித்துக் காலத்தே செயற்படுதல் காப்போனின் கடன். வங்கிக் கணக்கும் மருத்துவப் பதிவேடும் பரீட்சைப் பெறுபேறும் நாம் காணாத கட்டடங்களில், நாம் வாசிக்கவியலா எழுத்தின்மீது தங்கியிருக்கும் இந்நாளில், இவ்விரு கடன்களுள் ஒன்று தவறினும் இழப்பவர் மூன்றாமவரே. அவருக்கு அவ்வெழுத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லை. அதில் பிழையுண்டா எனக் கேட்கும் உரிமையேனும் இருத்தல் வேண்டும்.