வேலை நடக்கும் மண்ணின் சட்டம்: அயல்நாட்டுப் பணியமர்த்தலில் தொழிலாளர் உரிமை

ஒரு நாட்டு நிறுவனம் மற்றொரு நாட்டில் ஆள் அமர்த்தினால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் தாம் எழுதும் ஒரு வரியே அதைத் தீர்மானித்துவிடும் எனப் பல முதலாளிகள் நம்புகின்றனர். தொழிலாளர் சட்டத்தில் அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது. இருக்கவும் கூடாது என்பதே என் வாதம்.

டொரொன்டோ வட்டாரத்தில் ஊபர் செயலி வழியாக உணவு கொண்டுசேர்த்த ஓட்டுநர் ஒருவர், ஒன்டாரியோ மாகாணச் சட்டம் தரும் வேலை உரிமைகளைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவர் கைபேசியில் ஒப்புதல் அளித்திருந்த ஒப்பந்தமோ, நெதர்லாந்துச் சட்டமே செல்லும், தகராறுகளை ஆம்ஸ்டர்டாம் நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்றது. அங்கே வழக்கைத் தொடங்கவே ஏறத்தாழ 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். முழுநேரம் ஓட்டினாலும் அவருடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அந்தத் தொகை ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படவே இல்லை. 2020 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த நடுவர் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பெயரளவுக்கு உரிமையை விட்டுவைத்து, அதைக் கேட்டுப்பெறும் வழியை அடைப்பதும் உரிமைப் பறிப்பே.

ஐரோப்பிய ஒன்றியம் இதை நீதிபதியின் மனச்சான்றுக்கு விடவில்லை. ரோம் 1 ஒழுங்குவிதியின் 8ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எந்தச் சட்டத்தையும் தேர்ந்துகொள்ள இடம் தருகிறது. ஆனால் தொழிலாளி வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் கட்டாயப் பாதுகாப்புகளை அத்தேர்வு பறிக்க முடியாது. ஆகவே பெர்லினில் இருந்து வேலை செய்பவரைச் சென்னை நிறுவனம் பணிநீக்கினால், ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தைச் சுட்டினாலும், ஜெர்மன் சட்டத்தின் கட்டாயப் பாதுகாப்புகள் அவருக்கு உண்டு.

வேறொரு தப்புவழியும் உண்டு: ஊழியருக்கு ‘ஆலோசகர்’ என்று பெயர் சூட்டி, மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்பச் சொல்வது. வேலைநேரம், விடுப்பு, மேலதிகாரி எல்லாம் ஊழியருக்கு உள்ளபடியே இருக்கும், பி.எஃப். மட்டும் இருக்காது. பட்டத்தைப் பார்க்காதே, நடப்பைப் பார் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை 198. ஊபர் ஓட்டுநர் வழக்கில் 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் எழுதிய ஒப்பந்தத்திலிருந்து தொடங்காமல், சட்டம் யாரைக் காக்க வந்தது என்பதிலிருந்தே தொடங்கியது.

சிறு நிறுவனம் நாட்டுக்கு நாடு சட்டம் படிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அச்சுமையைத் தூக்க வேண்டியவர் எல்லை கடந்து ஆதாயம் தேடுபவர். சம்பளத்தை நம்பி வாழ்பவர் அல்லர். உள்ளூரில் சட்டப்பொறுப்பு ஏற்கும் நிறுவனம் வழியாக ஆள் அமர்த்தும் ஏற்பாடு இப்போது பரவலாகக் கிடைக்கிறது. செலவு கூடும், அது வேலையின் உண்மையான விலை.

இந்தியாவின் நிலைதான் கவலை தருகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாடு செல்பவரைப் பற்றியது. மதுரையில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனத்துக்கு உழைப்பவரைக் காக்க, ஐரோப்பாவின் 8ஆம் பிரிவுக்கு நிகரான எழுத்துச் சட்டம் இங்கே இல்லை. இந்திய மண்ணில் வழக்கமாக வேலை செய்பவரின் அடிப்படை உரிமைகளை எந்த ஒப்பந்த வரியாலும் குறைக்க முடியாது என்றும், அவர் தம் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்காடலாம் என்றும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.