‘அனுமதித்த தங்குகாலம்’: எச்-1பி பால மனுவின் மூலம் குறித்து

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் ஒருவரின் ஐ-94 (தங்க அனுமதித்த கெடுவைக் காட்டும் பதிவு) காலாவதியாகிவிட்டது, முதல் கம்பெனி உரிய காலத்தில் போட்ட எச்-1பி நீட்டிப்பு மனு நிலுவையில் கிடக்கிறது. இந்நிலையில் இரண்டாம் கம்பெனி மனுப் போட்டதுமே அங்கே வேலையில் சேரலாமா? சேரலாம் என்பதை 2005இல் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் உள்குறிப்பு வழங்கிய சலுகையாகவும், 2016 நவம்பர் 18இல் வெளியான விதி அதை உறுதிசெய்ததாகவும் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. நிலுவையிலுள்ள ஒரு மனுவின் மேல் அடுத்த மனு நிற்கும் இந்த ஏற்பாட்டைக் குறிக்கும் ‘பிரிட்ஜ்’ (பாலம்) என்ற சொல் துறையின் எழுத்தில் இடம்பெற்றது அக்குறிப்பில் என்பதால் இந்த வாசிப்பு எளிதில் வேரூன்றிவிட்டது. பெயர் எழுதப்பட்ட நாளையே பிறந்த நாளாகக் கொள்ளும் பிழை இது. அதற்கு முன்பும் நிலுவைக் காலத்தில் 240 நாள் வரை வேலை செய்ய வழியிருந்தது. ஆனால் அந்த 240 நாள் விதி, மனுப் போட்ட அதே கம்பெனியில் தொடர்வதற்கு மட்டுமே உதவும். கம்பெனி மாறும் உரிமையை அதிலிருந்து வருவிக்க முடியாது.

உரிமையின் வேர் 2000 அக்டோபர் 17இல் கையொப்பமான சட்டத்தின் 105ஆம் பிரிவில் இருக்கிறது. அது மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: முறைப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், ‘அட்டர்னி ஜெனரல் அனுமதித்த தங்குகாலம்’ முடியுமுன் அற்பமல்லாத மனு தாக்கலாகியிருக்க வேண்டும், அனுமதியின்றி வேலை பார்த்திருக்கக் கூடாது. இந்த மூன்றும், இதே வரிசையில், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளன. சட்டவிரோதத் தங்கலுக்கு 3 ஆண்டு, 10 ஆண்டுத் தடை விதித்த அச்சட்டத்தில், நீட்டிப்பு நிலுவையில் உள்ளவர்களுக்கு அத்தங்கலின் நாள் கணக்கை 120 நாள் வரை நிறுத்திவைத்த உட்பிரிவில் அவை வருகின்றன. 1996 வாசகத்தில் அனுமதியோடு ‘பரோல்’ என்பதும் இருந்தது; 2000இல் அது இல்லை. நகலெடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கவில்லை என்பதற்கு இந்த விடுபாடே எனக்குச் சான்று.

இரவல் வாங்கிய அச்சொற்றொடர் 2000 அக்டோபரில் என்ன பொருள் தந்தது? அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதியிட்ட துறைக் குறிப்பு, 120 நாள் கடந்தும் மனு முடிவாகாவிட்டால் நிலுவைக் காலம் முழுவதும் ‘அனுமதித்த தங்குகாலம்’ என்று அறிவித்திருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் அச்சொற்றொடரை எடுத்தபோது அதற்கு ஏழு மாதமாக இந்தப் பொருள் வழக்கில் இருந்தது. ‘வார்ப்பை எடுத்தார்கள் என்றால் துறை ஏற்றிய பொருளையும் எடுத்தார்கள் என்றாகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வரைந்தவர்களின் மனத்தை இதைக் கொண்டு நிறுவ முடியாதுதான். ஆனால் அதே பிரிவின் முதல் வாக்கியம் ‘ஸ்டேட்டஸ்’ (விசா வகைக்குரிய சட்டப்படியான நிலை) என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது, அதுவும் ‘முன்பு வழங்கப்பட்ட’ என்ற அடையோடு. மனுப் போடும் நாளிலும் ஸ்டேட்டஸ் நீடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், கைக்கெட்டிய அந்தச் சொல்லை இரண்டாம் நிபந்தனையிலும் எழுதியிருப்பார்கள். ஆகவே 2005 குறிப்பை வாசகத்தின் விளக்கமாகவே கொள்கிறேன், கொடையாக அல்ல.

சலுகை வாசிப்பை ஆதரிப்போர் கேட்கக்கூடிய வலுவான கேள்வி வேறொன்று: உரிமை சட்டத்திலேயே இருந்தால், முந்தைய மனு தள்ளுபடியாகும்போது பாலம் ஏன் இடிகிறது? இரண்டு கடிகாரங்கள் ஓடுவதால். வேலை செய்யும் உரிமை தங்குகாலத்தைப் பார்த்து ஓடுகிறது. நீட்டிப்பு, ஸ்டேட்டஸைப் பார்த்து. ஸ்டேட்டஸ் முடிந்தபின் தாக்கலான மனுவுக்கு நீட்டிப்பு இல்லை என்பது நீட்டிப்பு விதியிலேயே தனியாக உள்ள நிபந்தனை. முதல் கம்பெனியின் மனு ஏற்கப்பட்டால் இடைவெளி அடைபடும். தள்ளுபடியானால், ஐ-94 முடிந்தபின் போட்ட இரண்டாம் கம்பெனி மனுவின் நீட்டிப்புக் கோரிக்கையும் விழும். வேலைத் தகுதியைப் பொறுத்தவரை அந்த மனு தேறினாலும், ஊழியர் நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைந்துதான் அதன்கீழ் வேலை பார்க்க முடியும். 2016 நவம்பரில் வெளியாகி 2017 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்த அதே விதி இந்த விளைவையும் எழுத்தில் சேர்த்தது. உரிமையின் மூலத்தை 2000 என்று குறிக்கலாம். இடியும் பாலத்துக்கு அப்படித் தனியொரு தேதி குறிக்க நான் துணியமாட்டேன்.