குழந்தைகளின் தண்டுவடப் பூஞ்சைத் தொற்று

தண்டுவடம், அதன் உறைகள், அதைச் சூழ்ந்த முள்ளெலும்புகள் ஆகியவற்றைப் பூஞ்சை தாக்குவதால் குழந்தைகளுக்கு வரும் அரிய நோய் இது. முதுகெலும்புக் காசநோயின் சாயலிலேயே வருவதால், காசநோய் மிகுந்த டெல்லி போன்ற நகரங்களில் இதை இனங்காண்பது கடினம்.

காரணிகள்

ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா, கிரிப்டோகாக்கஸ் ஆகியவை முதன்மையானவை. மூச்சுக்காற்றில் புகும் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலில் வேரூன்றி, விலா எலும்பு வழியாக முள்ளெலும்பை அரித்து, தண்டுவடத்தை நெருக்கும். கேண்டிடா பெரும்பாலும் இரத்தம் வழியே பரவும். நீண்ட நாள் சிரை வழி ஊசிக்குழாய் பொருத்தப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று, ஸ்டீராய்டு மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து வழிவிடுகின்றன. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியும் கொல்ல இயலாத 'நாட்பட்ட கிரானுலோமா நோய்' என்னும் பிறவிக் குறைபாடும் முக்கியக் காரணம். அதன் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும்.

டெல்லி ஆய்வுகள்

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் நெஞ்சக நிறுவனத்தில் எச். எஸ். ரந்தாவாவின் குழுவினர், நகரின் முதிய நாவல் மரப் பொந்துகளில் கிரிப்டோகாக்கஸ் வாழ்வதைக் கண்டறிந்தனர். ஃபுளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாத கேண்டிடா ஆரிஸ் என்னும் வகை டெல்லி மருத்துவமனைகளில் இருப்பதை 2013இல் அனுராதா சௌத்ரியின் குழு அறிவித்தது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

முதுகுவலி, நடைத் தடுமாற்றம், கால் வலுவிழப்பு, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை தோன்றும்; காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். எம்ஆர்ஐ பாதித்த இடத்தைக் காட்டுமே தவிர, கிருமி எது என்று உறுதிசெய்யாது. ஊசியாலோ அறுவையாலோ எடுத்த திசுவை நுண்ணோக்கியிலும் வளர்ப்பூடகத்திலும் சோதிப்பதே உறுதியான வழி. கிரிப்டோகாக்கஸை மூளைத் தண்டுவடத் திரவத்திலேயே அறியலாம்.

சிகிச்சை

ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல், கிரிப்டோகாக்கஸுக்கு ஆம்போடெரிசின் பி, ஃபுளூசைட்டோசின் தரப்படுகின்றன. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். தண்டுவடம் நெருக்கப்பட்டால் அறுவை தேவைப்படும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், இரத்தத்தில் வோரிகோனசோலின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. ஆகவே, சந்தேகத்தில் இரு நோய்களுக்கும் ஒருசேர மருந்து கொடுத்துப் பார்ப்பது எளிதல்ல. காசநோய் மருந்து தொடங்கிய பிறகும் குழந்தையின் கால்கள் மேலும் வலுவிழந்தால், திசுவில் பூஞ்சையைத் தேடாமல் விடக் கூடாது.