ரிப்பீட்டரில் முதல் வணக்கம்: ஒரு டாக்சி ரேடியோவின் கதை

லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள் நான் வாயே திறக்கல. கையில 5 வாட் ஹேண்டி, தூரத்து மலைமேல ரிப்பீட்டர். ராத்திரியானா ஏழெட்டுப் பேர் அதுல பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். நடுநடுவுல பி.டி.டி. பட்டனை ஒரு அமுக்கு அமுக்கி விட்டுடுவேன். 'கர்ச்சுங்'னு ரிப்பீட்டர் பதில் சத்தம் போடும். நம்ம அலை அங்க வரைக்கும் போகுதுன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெரியவர் கண்டுபிடிச்சுட்டார். "யாரோ அமுக்கி அமுக்கி விடறீங்க. அழைப்புக்குறி சொல்லாம அமுக்கக்கூடாது ஓ.எம். பயப்படாம சொல்லுங்க." (ஓ.எம்.னா ஓல்டு மேன். ஹாம்களுக்குள்ள பன்னிரண்டு வயசுப் பையனும் ஓ.எம்.தான்!) வேர்த்து விறுவிறுத்து "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ..."ன்னு ஆரம்பிச்சேன். "விக்டரை முழுங்கிட்டீங்களே! பட்டனை அமுக்கிட்டு ஒரு செகண்ட் பொறுத்துப் பேசுங்க. ரிப்பீட்டர் முழிச்சுக்க வேணாமா?"

எனக்கு ஒரு சந்தேகம். புத்தகத்துல 'சி.க்யூ., சி.க்யூ.'ன்னு கூவிக் கூப்பிடணும்னு படிச்சிருந்தேன். இங்க யாருமே அப்படிக் கூப்பிடறதில்லை. அழைப்புக்குறியைச் சொல்லி, 'கேட்டுக்கிட்டிருக்கேன்'னு சொன்னா போதுமாம். ஏன் சார்னு கேட்டா, "அதான் வழக்கம்"னுட்டார். அந்த வழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடப்போய், அமெரிக்கா வரைக்கும் கொசுவத்தி சுத்த வேண்டியதாப் போச்சு.

சிற்றலையில யார் எந்த அலைவரிசையில இருக்காங்கன்னு தெரியாது. குமிழைத் திருகித் திருகித்தான் தேடணும். அதனால ரொம்ப நேரம் கூவணும், திருகிட்டு வர்ற யார் காதிலயாவது விழட்டும்னு. வி.எச்.எஃப். அலை வேற மாதிரி. கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். குன்றோ கட்டடமோ மறைச்சா அவ்ளோதான். அதுக்குத்தான் ரிப்பீட்டர். உயரத்துல உட்கார்ந்து ஒரு அலைவரிசையில கேட்டதை அதே நொடியில இன்னொரு அலைவரிசையில திருப்பிச் சொல்லும். 1950களிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆர்ட் ஜென்ட்ரி (டபிள்யூ6எம்இபி) என்ற ஹாம், கே6எம்ஒய்கே என்ற ரிப்பீட்டரை நடத்தினார். ஹாம் ரிப்பீட்டர்களின் முன்னோடிகள்ல அதுவும் ஒண்ணு.

ஆனா கூட்டம் சேர்ந்தது 1960களில். டாக்சி, போலீஸ் வண்டிகளோட எஃப்.எம். ரேடியோக்கள் இனிமே பாதி அகலத்துக்குள்ள பேசணும்னு அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. பழைய பெட்டிகள் எல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்துச்சு. கார் டிக்கியை அடைச்சுக்கற சைஸ். ஹாம்கள் அள்ளிக்கிட்டாங்க.

அந்தப் பெட்டிகள்ல திருகறதுக்குக் குமிழ் கிடையாது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியா கிறிஸ்டல் வாங்கிப் போடணும், அதுக்குக் காசு வேணும். அதனால எல்லாரும் ஒரே இடத்துல கூடினாங்க: 146.94 மெகாஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் வந்ததும் 146.34-ல பேசி 146.94-ல கேட்டாங்க. இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். யாரும் பேசாதப்ப ஸ்குவெல்ச் இரைச்சலை அடக்கிடும். ரேடியோ பாட்டுக்கு நாள் முழுக்க ஓடிக்கிட்டிருக்கும்.

என் கேள்விக்கு விடை இங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. எல்லாரும் ஏற்கெனவே ஒரே திண்ணையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கும்போது எதுக்குக் கூவணும்? 'நானும் வந்திருக்கேன்'னா போதாதா?

'73' பத்திரிகை ஆசிரியர் வேன் கிரீன் 1969 வாக்குல ரிப்பீட்டருக்காகப் பக்கம் பக்கமா எழுதித் தள்ளினார். 1972-ல அமெரிக்க அரசு ரிப்பீட்டருக்குன்னே விதிகள் போட்டது. 'டபிள்யூஆர்'னு தொடங்கற தனி அழைப்புக்குறியும் கொடுத்தது. செல்போன் வர்றதுக்கு முன்னாடியே கார்ல இருந்து ரிப்பீட்டர் வழியா வீட்டுக்குத் தொலைபேசினவங்க உண்டு. அப்புறம் சின்தசைசர் வந்துச்சு, கிறிஸ்டல் போயே போச்சு. வழக்கம் மட்டும் போகல. நம்ம நாட்டுல 2 மீட்டர் பட்டை 144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான், 146.94-க்கு இடமே இல்லை. ஆனா அந்த 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இங்கயும் வந்து உட்கார்ந்திருக்கு!

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. 'கேட்டுக்கிட்டிருக்கேன்'ங்கறது யாராவது நிஜமாவே கேட்டுக்கிட்டிருந்தாத்தான் செல்லும். இப்ப பல ரிப்பீட்டர்கள்ல பகல் முழுக்க மௌனம். புதுசா ஒருத்தர் தயங்கித் தயங்கி அழைப்புக்குறியைச் சொல்றார். பதில் வரலை. ரெண்டு நாள் பார்ப்பார், மூணாம் நாள் ஹேண்டியை அலமாரியில போட்டுடுவார். புயல் வெள்ளம்னு வர்றப்ப அந்த ஒரு குரல் நமக்குக் குறைஞ்சிருக்கும்.

அன்னிக்கு அந்தப் பெரியவரும் சும்மா இருந்திருந்தா, நானும் அலமாரி கேஸ்தான். அதனால இப்பல்லாம் 'கர்ச்சுங்' சத்தம் கேட்டா, கையில என்ன வேலை இருந்தாலும் மைக்கை எடுத்துடுவேன். "யாருங்க ஓ.எம். அது? ஒரு செகண்ட் பொறுத்துச் சொல்லுங்க."

டிஸ்கி: பின்னூட்டம் போடாம படிச்சுட்டு மட்டும் போற மக்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஹி ஹி. 73!