பூ எருவும் சிறு வீடும்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் ஆச்சி எங்களைத் தூங்கவிட மாட்டாள். எனக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் ஆச்சி சாணியைப் பிடித்து உருண்டை உருண்டையாக வைத்திருப்பாள். உருண்டையின் நடுவில் விரலால் குத்திக் குழி பண்ணி, பூசணிப்பூவைச் செருக வேண்டும். அது எங்கள் வேலை. ஆண்பூவாகப் பார்த்துத்தான் பறிப்போம். பெண்பூவைத் தொட்டால் காய் போய்விடும். தங்கச்சி ஒரு பூவைக்கூட ஒழுங்காகச் செருகியதில்லை. கசக்கிச் சாணிக்குள் புதைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைப்பாள். அந்த உருண்டையும் கோலத்தில்தான் உட்காரும். "பிள்ளை வச்சது, கிடக்கட்டும்ட்டி" என்பாள் ஆச்சி.

வெயில் ஏறியதும் பூவோடு சேர்த்துத் தட்டிக் காயவைத்தால் அது பூ எரு. மாசம் முழுக்கச் சேர்ந்தது ஒரு கடகம் நிறைய இருக்கும். பெரிய பொங்கலுக்குப் பனையோலை எரிப்போம். பூ எருவைத் தொடக்கூடாது. அது தையில் பிற்பாடு ஒரு நாள் வைக்கும் சிறு வீட்டுப் பொங்கலுக்கு.

முற்றத்தில் களிமண் குழைத்துச் சாண் உயரத்துக்குச் சுவர் எழுப்புவோம். ஒரு அறை, ஒரு அடுக்களை, ஒரு வாசல். காய்ந்ததும் வெள்ளையும் காவியுமாய்ப் பட்டை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டால் கை பொத்துவிடும் என்று சின்னதுகளுக்குப் பச்சரிசி மாவைக் கரைத்துத் துணியைச் சுருட்டிக் கொடுப்பாள் ஆச்சி. சுவரைவிடப் பிள்ளைகளின் மூஞ்சியில்தான் பட்டை அதிகம் விழும். பிறகு சின்னப் பானையில் பூ எரு எரித்துப் பொங்கல். நிஜ அரிசி, நிஜ வெல்லம்.

பின்னாளில் தமிழ் படிக்கப் போனபோதுதான் இந்தச் சாண் உயர வீட்டின் வயது தெரிந்தது. பழைய பாட்டுகளில் இதன் பெயர் சிற்றில். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய பெண், தெருவில் தான் கட்டிய மணல் சிற்றிலைக் காலால் சிதைத்த பையனைத் தோழியிடம் நினைவுகூர்கிறாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்க, வீட்டைக் கலைக்காதே என்று ஆண்டாள் கண்ணனிடம் கெஞ்சுவதுதான். பிள்ளைத்தமிழ், குழந்தையின் 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை பத்துப் பருவமாகப் பாடுவது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்றில் ஒன்று சிற்றில். அங்கும் சிறுமிகள் கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனிடம் சிதைக்காதே என்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் இரண்டு பிள்ளைத்தமிழ் பாடினார். முத்துக்குமாரசுவாமிக்குப் பாடியதில் சிற்றில் உண்டு. மீனாட்சியம்மைக்குப் பாடியதில் அம்மானை, நீராடல், ஊசல்தான், சிற்றில் இல்லை. இடிக்கிறவனுக்கு ஒரு பருவம் இருக்கிறது, கட்டுகிறவளுக்கு இல்லை! புலவர் மரபைப் பின்பற்றினார், அவர்மேல் கோபமில்லை. ஆனாலும் தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்கு, கட்டுகிற கைகளைப் பார்க்க வாய்த்திருக்காதா என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

எங்கள் முற்றத்தில் யாரும் அந்த வீட்டை உதைக்கவில்லை. படைத்த பொங்கலில் கொஞ்சம் எடுத்து, மிச்சமிருந்த பூ எருவையும் சேர்த்து வாழையிலையில் வைத்து, சூடம் கொளுத்தி ஆற்றில் விடுவோம். தங்கச்சி தன் பங்குப் பொங்கலைக் கரையிலேயே தின்றுவிட்டு, இலை போவதைப் பார்த்து அழுவாள். மண்வீடு முற்றத்திலேயே கிடந்து உதிரும். ஒரு வருஷம் கோழி ஒன்று அதன் அடுக்களையில் முட்டையிட்டது.

போன மார்கழியில் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். நாலாவது மாடி. சாணிக்கு எங்கே போவது? பேத்திக்கு வயது ஒன்றே முக்கால். கோதுமை மாவை உருட்டிக் கொடுத்தேன். குழி குத்தினாள், பூவைக் கசக்கினாள், கையை என் புடவையில் துடைத்தாள். எல்லாம் அவள் சின்னாச்சி செய்ததுபோலவேதான். ஆனால் மாவு உருண்டை ரெண்டே நாளில் பூசணம் பூத்துவிட்டது. சாணி என்றால் தை வரைக்கும் தாங்கியிருக்கும்.